நர்ஸா வந்தனியா, மனுசியா வந்தனியா?

வாசகியின் கடிதம், கொஞ்சம் சுருக்கி:

“மிஸ், நாங்கள் திருகோணமலை உப்புவெளிப் பக்கம். இவருக்கு 61 வயது, பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு பென்சன் எடுத்தவர். மூண்டு இடத்தில அடைப்பெண்டு கண்டியில பைபாஸ் செய்து இண்டைக்கு நாலு நாள். முதல் நாள் கண் முழிச்சு என்ர கையைப் பிடிச்சவர். நேற்றுப் பின்னேரம் போனா, ‘நீதான் என்னை இங்க கொண்டுவந்து அடைச்சுப்போட்டாய், எவ்வளவு காசு வாங்கினனி?’ எண்டு கத்துறார். சுவரில எறும்பு ஊருதாம். ஒப்பரேசனுக்கு முதல் நாள் சிகரெட் விசயமா அவரோட சண்டை பிடிச்சனான், அதாலயோ தெரியேல்ல. எப்பவாவது கொஞ்சம் குடிப்பார், அது டொக்டருக்குத் தெரியாது. அவற்ற கண்ணாடி, பல்லுக்கட்டு, மணிக்கூடு எல்லாம் என்ர பைக்குள்ள. அதுகளைப் பாத்துப் பாத்து அழுறன். இவற்ற தம்பிதான் எல்லாத்தையும் பாக்கிறார். ஆம்பிளை வாட் எண்டு இரவில என்னை விடமாட்டினம். நான் இங்க இருந்து என்ன பிரயோசனம்?”

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த இரவே சுருக்கமாக ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தேன். ஆறுதலாக எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. இதே நிலையில் இன்னும் பலர் கண்டியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாட் வாசலில் நிற்பார்கள் என்பதால் உங்கள் சம்மதத்தோடு எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தபோது கண்ணாடியும் பல்லுக்கட்டும் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். நாற்பது வருசம் கண்ணாடி போட்ட மனிதர் நாலு நாளாகக் கண்ணாடி இல்லாமல் கிடக்கிறார். சுவரில் இருக்கும் ஆணித் துளையும் ஊறலும் அவருக்கு எறும்பாகத் தெரிந்தால் அதில் என்ன அதிசயம்? மணிக்கூடு இல்லை, ஜன்னல் தூரத்தில், லைட் இரவு பகல் எந்நேரமும் எரிகிறது. சுற்றி நிற்பவர்கள் சிங்களத்தில் கதைக்கிறார்கள். நெஞ்சு நோகிறது. நித்திரை இல்லை. நாங்கள் யாராக இருந்தாலும் அந்தக் கட்டிலில் கொஞ்சம் தடுமாறித்தான் போவோம்.

இதற்கு டெலிரியம் என்று பெயர். தற்காலிகமான மனக்குழப்பம். இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு, அதுவும் அறுபதைத் தாண்டியவர்களிடம், இது அடிக்கடி நடப்பது. ஒப்பரேசன் முடிந்து ஒரு நாள் தெளிவாக இருந்துவிட்டு இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்குவதும் வழக்கம்தான். காலையில் நல்லாக் கதைப்பார், பொழுதுபட்டால் ஆள் மாறிவிடுவார். மயக்க மருந்து, ஒப்பரேசன் நேரம் இதயத்தின் வேலையை வெளியே நின்று செய்த மெஷின், நோவுக்குக் கொடுக்கும் மருந்துகள், நித்திரையின்மை, இரத்தத்தில் உப்புச் சத்தின் ஏற்ற இறக்கம், ஒக்சிசன் குறைவு, சில வேளை ஏதாவது கிருமித் தொற்று என்று பல காரணம் சேரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சில நாளில் தெளிந்துவிடும். சிகரெட்டுக்காக நீங்கள் பிடித்த சண்டை அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. நான் தாதியாக வேலை செய்த காலத்தில் ஒப்பரேசனுக்கு முதல் நாள் சண்டை பிடிக்காத புருசன் பெண்சாதியைக் கண்டதே குறைவு. பயத்துக்கு வேறு வழி தெரியாதபோது சண்டைதான் வரும்.

ஆனால் இன்னொரு விசயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. “எப்பவாவது கொஞ்சம் குடிப்பார்.” தங்கச்சி, இந்த “எப்பவாவது”வை நான் முப்பது வருசமாகக் கேட்டவள். அது கிழமைக்கு ஒரு பியராகவும் இருக்கலாம், தினம் பொழுதுபட்டால் கால் போத்தல் சாராயமாகவும் இருக்கலாம். தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்க்கும், இல்லாத பூச்சி தெரியும், வலிப்புக்கூட வரலாம். அதற்கான வைத்தியம் வேறு. அதற்கென்று மருந்தும் விற்றமின் ஊசியும் இருக்கின்றன. வாட்டில் சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. இப்போது சொன்னாலும் பிந்தவில்லை. மானம் போகும் என்று நினைக்காதீர்கள். “சேர், இவர் கிழமையில் இத்தனை நாள், இவ்வளவு குடிக்கிறவர், கடைசியாகக் குடித்தது இன்ன நாள்” என்று ஒரே வசனத்தில் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். தம்பிக்கு முன்னால் சொல்லச் சங்கடமாக இருந்தால் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அங்கே இருந்து என்ன பிரயோசனம்?

என் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். என் கணவருக்கு வால்வு மாற்றியபோது நான் தாதியாகி இருபது வருசம் கடந்திருந்தது. எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. பார்வையாளர் நேரத்துக்குப் போய் நான் என்ன செய்தேன் தெரியுமா? மொனிட்டரைப் பார்த்தேன். நெஞ்சுக் குழாய் போத்தலில் எத்தனை மில்லி என்று பார்த்தேன். சேலைன் சொட்டும் வேகம் சரியில்லை என்று அந்தப் பிள்ளையோடு வாக்குவாதப்பட்டேன். கட்டில் தலைமாட்டுக் கடதாசியைப் புரட்டினேன். நாலாம் நாள் அவர் தொண்டை கரகரக்க மெதுவாகக் கேட்டார்: “நீ நர்ஸா வந்தனியா, மனுசியா வந்தனியா?” அன்றுவரை நான் அவருடைய முகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. அங்கே தாதிமார் எட்டுப் பேர் இருந்தார்கள். அவருக்கு மனுசி நான் ஒருத்திதான்.

அதனால் உங்களுக்கு மருத்துவம் தெரியாதது ஒரு குறை என்று நினைக்க வேண்டாம். அவர் எப்படிப்பட்டவர் என்று அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சாதாரணமாக அவர் எப்படிக் கதைப்பார், எவ்வளவு நோ தாங்குவார், எந்தக் காது மந்தம் என்பதெல்லாம் எந்த மெஷினிலும் விழாது. “மிஸ், இவர் இப்படி ஆள் இல்லை, நேற்று மத்தியானம் நல்லா இருந்தவர், பின்னேரம்தான் மாறினவர்” என்று நீங்கள் சொல்வது அவர்களுக்குப் பெரிய தகவல். கத்துகிற நோயாளி சுபாவத்திலேயே கத்துகிறவரா, குழப்பத்தில் கத்துகிறாரா என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும்: வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு பக்கக் கையோ காலோ சோர்ந்தால், பேச்சு குழறினால், அது குழப்பம் என்று விட்டுவிடக் கூடாது. உடனே தாதி மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள். பல்லுக்கட்டு போடலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். மணிக்கூட்டைக் கையில் கட்ட முடியாது, அங்கே ஊசி ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கக் கேளுங்கள். பிறகு முகத்துக்கு நேரே நின்று, “நான் உங்கட மனுசி. இது கண்டி ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஒப்பரேசன் முடிஞ்சுது, நல்லபடியா முடிஞ்சுது. இண்டைக்கு வியாழக்கிழமை, இப்ப பின்னேரம்” என்று சொல்லுங்கள். அவர் அடுத்த ஐந்து நிமிசத்தில் திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரின் மனுசிக்கு ஒரே பாடத்தைப் பத்துத் தரம் சொல்வது புதிதாக இருக்காது.

எறும்பு இருக்கிறது என்றால் “எங்க இருக்கு, உங்களுக்கு விசர்” என்று வாதாட வேண்டாம். இருக்கிறது என்று ஒத்துப்போய் அடிக்கவும் வேண்டாம். “எனக்குத் தெரியேல்ல, உங்களுக்குப் பயமா இருக்கு என்ன? நான் இருக்கிறன்” என்றால் போதும். காசு வாங்கினாய் என்று சொன்னால் அதற்குப் பதிலே தேவையில்லை, கதையை மாற்றுங்கள். கொல்லைப்புறத்து முருங்கை, பேரப்பிள்ளையின் குறும்பு, பத்திரகாளி கோயில் திருவிழா, எதுவென்றாலும் சரி. ஒரு நேரத்தில் ஒருவர் கதைத்தால் நல்லது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் வாட்டுக்குள் வீடியோ கோல் எடுத்து “அப்பா என்னைத் தெரியுதா?” என்று சோதனை வைக்க விடாதீர்கள். அது அவரை இன்னும் குழப்பும், தெரியவில்லை என்றால் பிள்ளை அங்கே உடைந்துபோவான். அரை நிமிசக் குரல் பதிவு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.

பிறகு தெளிந்து வந்ததும் இந்த எறும்புக் கதையைச் சொந்தக்காரருக்குப் பகிடியாகச் சொல்லக் கூடாது. சிலருக்கு எல்லாம் மறந்துபோகும். சிலருக்குத் துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும், வெட்கப்படுவார்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

மொழி விசயம். உங்கள் கணவருக்குச் சிங்களம் தெரிந்திருக்கலாம். ஆனால் குழப்பத்தில் இருக்கும் மனிதனுக்கு இரண்டாம் மொழி கைவிட்டுப் போகலாம். மிஸ் வந்து “ரிதெனவத?” என்று கேட்பார், நோகுதா என்று அர்த்தம். இவர் விளங்காமல் தலையை ஆட்டுவார் அல்லது மரியாதைக்கு இல்லை என்பார். நோ மருந்து வராது. நோவினால் ஆழ மூச்சு எடுக்க மாட்டார், இருமமாட்டார், சளி தங்கும், காய்ச்சல் வரும். ஒரு சின்ன “இல்லை” எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். ஒரு மட்டையில் நோகுது, தண்ணி, மூச்சு எடுக்கக் கஷ்டம், ஒண்டுக்கு, குளிருது என்று தமிழில் எழுதி, பக்கத்தில் சிங்கள எழுத்தில் யாரையாவது எழுதவைத்து, கேட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் வையுங்கள். அங்கே தமிழ் தெரிந்த பிள்ளைகளும் இருப்பார்கள். யார், எந்த நேர டியூட்டி என்று விசாரித்து வையுங்கள். நீங்களும் “ரிதெனவா” (நோகுது), “வத்துர” (தண்ணீர்), “ஹுஸ்ம” (மூச்சு) என்ற மூன்றையாவது பாடமாக்குங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருப்பார்களே, அதை அவர் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். பத்துப் பேரில் பாதிப் பேர் பலூன் மாதிரி ஊதுவார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்துப் பந்தை மேலே கொஞ்சம் நிறுத்த வேண்டும். முழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பத்துத் தடவை. இருமும்போது தலகணியை அல்லது மடித்த பெட்சீற்றை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, உருக்குக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். கம்பி அங்கேயே இருக்கும், எடுக்கத் தேவையில்லை. எலும்பு பொருந்த ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை, முழுப் பலம் வர மூன்று மாதம்வரை ஆகும். ஆகவே எழுப்பும்போது கமக்கட்டுக்குள் கை போட்டுத் தூக்க வேண்டாம், கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, அவரே எழும்பட்டும். நீங்கள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்தால் போதும். எப்படி என்று பிசியோதெரபி பிள்ளை காட்டுவார்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொந்தக்காரர் சூப் போத்தலோடு வரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் கிழமை நாக்கில் ருசி இராது, இரும்பு மாதிரி இருக்கும், அதற்குக் கவலை வேண்டாம். தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். சூப்பும் தேத்தண்ணியும் அந்த அளவுக்குள் அடக்கம். சூப்பில் உப்பு வேறு. இளநி நல்லதுதானே என்று கொண்டுவருவார்கள். அதில் பொற்றாசியம் அதிகம், டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். வாய் காய்ந்தால் சுத்தமான துணியை நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். திருநீறு நெற்றியில் வைக்கலாம், காயத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கோயில் நூலை மிஸ்ஸிடம் கேட்காமல் மணிக்கட்டில் கட்டாதீர்கள்.

மொனிட்டர் திடீரென்று கத்தி, இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்று ஓடிவருவார்கள். பைபாஸ் செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் சில நாளில் இப்படி ஒரு துடிப்பு மாற்றம் வரும். மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இனி உங்கள் மைத்துனர். அவர் எல்லாவற்றையும் கையில் எடுத்துவிட்டார் என்று நீங்கள் எழுதியதில் கொஞ்சம் மனத்தாங்கல் தெரிகிறது. நான் என்றால் அவரிடம் இன்னும் கூடக் கொடுப்பேன். ஆண்கள் வாட்டில் இரவில் ஆண் துணைதான் நிற்க முடியும். டெலிரியம் கூடுவதும் இரவில்தான். அங்கே நிற்கப்போவது அவர். அப்படியானால் கண்ணாடி, நாள், கிழமை, எறும்பு, மூன்று பந்து எல்லாவற்றையும் அவருக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊரில் இருந்து வரும் போன்களையும் அவரிடமே விட்டுவிடுங்கள். மூதூர்ப் பெரியம்மாவில் இருந்து கனடாச் சித்தப்பா வரை ஆளுக்கு ஆள் இதே கதையைச் சொன்னால் உங்கள் தொண்டைதான் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பின்னேரம் ஆறரைக்கு, குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் ஒரு குரல் பதிவு போடட்டும். டொக்டரிடம் கதைக்கப் போகும்போது மட்டும் நீங்களும் கூடவே போங்கள். சொந்தக்காரரை எத்தனை மணிக்குச் சந்திப்பார் என்று வாட்டில் கேட்டு, மூன்று கேள்வி கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், நாலாவதுக்கு அவர் நடக்கத் தொடங்கிவிடுவார்.

இரவில் உங்களை விடாததை ஒரு தண்டனையாக எடுக்க வேண்டாம். தங்குகிற இடத்தில் படுத்து நித்திரை கொள்ளுங்கள். உங்களுக்குப் பிரஷரோ சீனியோ இருக்கிறதா? அவசரத்தில் உங்கள் குளிசையை வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்களா? கிளினிக் நாள் தவறிவிட்டதா? புருசனைப் பார்க்கப் போய் தாங்களே வாட்டில் விழுந்த பெண்களை நான் ஒன்றிரண்டு பேர் அல்ல, நிறையக் கண்டிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் உங்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

வீட்டுக்கு வரும் நாளைப் பற்றி இப்போதே யோசியுங்கள். கண்டியில் இருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம், கடன்பட்டாவது ஒரு வாகனம் பிடியுங்கள். பின் சீட்டில் இருக்கட்டும். பெல்ற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலகணி. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கி நாலு அடி நடக்க வேண்டும். பைபாஸுக்காக இரத்த நாளம் எடுத்த கால் வீங்கும். இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். வழியில் தயிர்ச்சட்டி வாங்கினால் நீங்களே தூக்குங்கள், அவர் கையில் கொடுக்க வேண்டாம். காலையிலேயே புறப்படுங்கள். ஹபரணைக்கு இங்கால் பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு வரும், சடன் பிரேக் அவருடைய நெஞ்சுக்கு ஆகாது. வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை இரண்டு மூன்று பிரதி எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள். திருகோணமலை பொது வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் காய்ச்சல் வந்தால், காயம் சிவந்து நீர் வடிந்தால், இருமும்போது நெஞ்செலும்பு “டிக்” என்று அசைந்தால், மட்டமாகப் படுக்க மூச்சு முட்டினால், இரண்டு மூன்று நாளுக்குள் நிறை இரண்டு கிலோ ஏறினால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சு முட்டல் கடுமையாக இருந்தால், நெஞ்சு நோ வந்தால், மயங்கி விழுந்தால், ஒரு பக்கம் சோர்ந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசு இல்லை.

இன்னொன்று, பெண்கள் யாரும் என்னிடம் எழுத்தில் கேட்பதில்லை, கிளினிக் வாசலில் நின்று இரகசியமாகக் கேட்பார்கள். ஒரே கட்டிலில் படுக்கலாமா? படுக்கலாம். மற்றதும் உண்டு, அவர் மூச்சு வாங்காமல் இரண்டு மாடிப் படி ஏறத் தொடங்கிய பிறகு. நெஞ்செலும்பு நன்றாகப் பொருந்தும்வரை அவருடைய நெஞ்சில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அவர் காரணம் இல்லாமல் அழலாம். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்ற மனிதர் ரீவியில் விளம்பரம் பார்த்து அழுவார். எரிந்து விழுவார். இதுவும் வழக்கம்தான், பெரும்பாலும் சில கிழமையில் குறையும். இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடு, நித்திரை, ஆள் முகம் ஒன்றும் வேண்டாம் என்று கிடந்தால், அல்லது ஏன் பிழைத்தேன் என்று கதைத்தால், கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்கு நீங்களும் எடுக்கலாம், அவரும் எடுக்கலாம்.

உங்கள் இரண்டாவது குரல் பதிவை நேற்றுக் கேட்டேன். கண்ணாடி போட்டதும் அவர் முதலில் கேட்டது, “ஏன் இப்பிடிக் காய்ஞ்சு போனாய், சாப்பிடேல்லையோ?” என்றாமே. அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தக் கிழமை சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.